மருமவனே, இன்னைக்கு எத்தன மணி?

2020 மே மாதத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வருஷம் என் மாமா என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி இது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு டீக்கடை. கடையை எத்தனை மணிக்கு மூட வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த அரசு செய்திக் குறிப்பை நீட்டி, "நீதான் தமிழ் எம்.ஏ.வாச்சே, என்ன போட்டுருக்கான்னு படிச்சுச் சொல்லுல" என்பார். பழைய உரையாசிரியர்கள் பட்ட பாடு எனக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கம் பக்கமாக இருக்கும். டீக்கடை உணவகத்தில் சேருமா சேராதா, பார்சல் மட்டுமா, பெஞ்சைப் போடலாமா கூடாதா. இரண்டு முறை வாசித்துவிட்டு "எட்டு மணி மாமா" என்பேன். ஏழரைக்கே பாய்லரை அணைத்துவிடுவார்.

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி வந்த தமிழ்க் கதைகளையும் படங்களையும் சமீபத்தில் சேர்த்து வைத்துத் திரும்பப் பார்த்தேன். நான் பார்த்த வரையில் மாமாவின் கேள்வி அவற்றில் எங்குமே இல்லை. இத்தனைக்கும் அந்த ஒன்றரை வருஷமும் ஊரே அதைப் பற்றித்தான் சண்டை போட்டது. எப்போது திறப்பது, எதை முதலில் திறப்பது, யார் சொல்லித் திறப்பது என்று நீதிமன்றத்தில், டிவியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் என்று எல்லா இடத்திலும் நடந்த சண்டை. அது எப்படி நம் எழுத்திலிருந்து காணாமல் போனது?

இணைய இதழ்களில் அன்று வந்த கதைகளில் பாதிக்கு மேல் ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஆளில்லாத தெரு. திடீரென்று குயில் சத்தம் கேட்கும். அப்பாவோடு இருந்த மனஸ்தாபமோ பழைய காதலோ நினைவுக்கு வரும். கடைசியில் போன் அடிக்கும். நானும் இப்படி ஒன்று எழுதினேன், நல்லவேளை யாரும் போடவில்லை. ஜெயமோகன் அந்த மாதங்களில் 'புனைவுக் களியாட்டு' என்று நாளுக்கொரு கதையாக எழுதிக் குவித்தார். காலையில் எழுந்ததும் அதைத்தான் வாசிப்பேன், பெரும்பாலும் அதில் நோய் இல்லை என்பதே ஆறுதலாக இருந்தது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். நோயை எழுத மாட்டேன் என்று ஒருவர் முடிவு செய்வது நேர்மையான விஷயம். நோயை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஜன்னலை எழுதுவதில்தான் எனக்குச் சங்கடம்.

2020 அக்டோபரில் அமேசான் பிரைமில் வந்த 'புத்தம் புது காலை'யை எடுத்துக்கொள்ளுங்கள். சுதா கொங்கரா, கௌதம் மேனன், சுஹாசினி, ராஜீவ் மேனன், கார்த்திக் சுப்பராஜ் என்று ஐந்து பேர், ஐந்து குறும்படங்கள். கார்த்திக் சுப்பராஜின் படத்தில் மட்டும் காசில்லாத இரண்டு திருடர்கள் வருகிறார்கள். மற்ற நான்கும் நல்ல வெளிச்சம் வருகிற, நல்ல சமையலறை உள்ள வீடுகளுக்குள் நடக்கின்றன. மோசமான படங்கள் என்று சொல்லிவிட முடியாது, தாத்தா பேத்தி கதையில் நான் கலங்கினேன். ஆனால் ஊரடங்கு அங்கே ஒரு திரைக்கதைச் சௌகரியம். ரெண்டு பேரை ஒரே வீட்டில் அடைத்து வைத்து மனம்விட்டுப் பேச வைக்க வேண்டும், அரசாங்கமே அடைத்துக் கொடுத்துவிட்டது. இது எப்போது முடியும் என்று அந்த வீடுகளில் யாரும் தவிக்கவில்லை. மாதம் பிறந்தால் பணம் வந்துவிடுகிற வீட்டில் அந்தத் தவிப்பு வராது.

எங்கள் பக்கம் தவிப்பு மணிக்கணக்கில் இருந்தது. மளிகைக் கடைக்கு முதலில் மதியம் இரண்டரை, ஏப்ரல் 5 முதல் ஒரு மணி. டீக்கடைக்கு ஒன்றுமே இல்லை. மே 7-ஆம் தேதி டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது, 16-ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். இதற்கு நடுவில், மே 11 முதல் திறக்கலாம் என்று 34 வகைக் கடைகளின் பட்டியல் வந்தது. அதில்தான் டீக்கடைக்கு வழி பிறந்தது, அதுவும் பார்சல் மட்டும். பாட்டிலுக்கு மே 7, டீக்கு மே 11. "கொரோனா டீதான் குடிக்கும் போல" என்றார் மாமா. அந்தப் பட்டியலின் ஒரு பிரதியை வாங்கி, டீக்கடை என்கிற வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவில் கோடு போட்டு, கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டினார்.

அந்தக் குறிப்புகளின் தமிழைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வாசித்த பெருந்தொற்று இலக்கியத்திலேயே நிறைய பேரின் வாழ்க்கையை மாற்றிய பிரதி அதுதான். 'தளர்வு' என்ற சொல் அதில் மந்திரம் மாதிரி வரும். தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு, தளர்வுகளற்ற முழு ஊரடங்கு, கூடுதல் தளர்வுகள். நம் பேச்சில் தளர்வு என்றால் சோர்வு. நடை தளரும், உடம்பு தளரும். கட்டு தளரும் என்றும் சொல்வோம். ஆனால் கட்டைத் தளர்த்த ஒரு கை வேண்டும். அந்தக் கை வாக்கியத்தில் இருக்காது. எல்லாமே அனுமதிக்கப்படும், நீட்டிக்கப்படும், தடை செய்யப்படும். எழுவாய் இல்லாத இந்த வாக்கியங்களுக்கு எழுவாயாகத் தெருவில் வந்து நின்றவர்கள் காவலர்கள்தான். எட்டு மணி என்றால் என்ன? ஷட்டரை இறக்கத் தொடங்கும் நேரமா, பூட்டுப் போட்டு முடிக்கும் நேரமா, கடைசி ஆள் காசு கொடுக்கும் நேரமா? அதை முடிவு செய்யும் அதிகாரம் பைக்கில் வருகிறவருடையது.

2020 ஜூன் 19. சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த பென்னிக்ஸின் அப்பா ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மகன் பின்னாலேயே போனார். மறுநாள் இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகன், 23-ஆம் தேதி காலை அப்பா, இருவரும் இறந்தார்கள். அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் வழக்கின் ஆரம்பம். தொற்றுப் பரவலுக்குக் காரணமாக நடந்துகொள்வதற்கான 269-ஆம் பிரிவும் போட்டிருந்தார்கள். செல்போன் விற்பனையும் பழுது நீக்கலும் மே 11 பட்டியலிலேயே இருந்த தொழில்.

அந்த எஃப்.ஐ.ஆரை நான் ஒரு புனைவு வாசகனாகத்தான் வாசித்தேன். அப்பாவும் மகனும் தரையில் விழுந்து புரண்டார்கள், அதில் உள்காயம் ஏற்பட்டது என்று அதில் இருந்தது. பிறகு வெளிவந்த கண்காணிப்புக் கேமராக் காட்சியில் அப்படி எதுவும் இல்லை. நம்பகத்தன்மை இல்லாத கதைசொல்லி என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்தக் கதையை உடைத்ததும் ஒரு கதைசொல்லிதான். அதே காவல் நிலையத்தில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, அன்றிரவு பார்த்ததைக் கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசனிடம் சொன்னார். மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரணை பின்னர் சிபிஐக்குப் போனது, காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. இந்த விவரங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு மறக்காமல் இருப்பது வேறொன்று. மூன்று மாதமாக "திறக்க விடுங்க" என்று மன்றாடிக்கொண்டிருந்த வியாபாரிகள் அந்த வாரம் தாங்களாகவே கடையடைப்பு செய்தார்கள். மாமாவும் மூடினார். அன்று மட்டும் அவர் என்னிடம் மணி கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஏழரை மணிப் பழக்கம் வந்தது. அரைமணி நேரம் என்பது முப்பது, நாற்பது டீ. அந்தக் கணக்கை அவர் யாரிடமும் கேட்க முடியாது, எந்தத் தளர்விலும் அது திரும்பி வராது.

2022 ஜனவரியில் அதே அமேசானில் 'புத்தம் புது காலை விடியாதா' என்று இரண்டாவது தொகுப்பு வந்தது. அதில் பாலாஜி மோகன் இயக்கிய 'முகக்கவச முத்தம்' ஊரடங்குப் பணியில் இருக்கும் ஓர் ஆண் காவலருக்கும் பெண் காவலருக்கும் இடையில் மலரும் காதல். ஜன்னலை விட்டு ஒருவழியாகத் தெருவுக்கு வந்துவிட்டார்கள் என்று ஆவலாகத்தான் உட்கார்ந்தேன். வந்தது தடுப்புக்கு அந்தப் பக்கம், தொப்பி போட்டவர்கள் பக்கம். காவலருக்குக் காதல் வரக் கூடாதா என்றால், தாராளமாக வரட்டும். வெயிலில் நின்று அவர்கள் பட்ட கஷ்டமும் உண்மை, அதில் செத்தவர்களும் உண்டு. ஆனால் சாத்தான்குளம் நடந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரத்தில், இந்தத் தமிழ்நாட்டில், ஊரடங்கு காவலைப் பற்றி ஒரு படம் எடுக்கிறவரின் கை ஒரு நொடியாவது நடுங்கியிருக்க வேண்டாமா? தடுப்பின் முன்னால் நிற்கிறவனின் கதி, தடுப்பைப் பிடித்திருப்பவரின் நல்ல மனசைப் பொறுத்தது என்கிற நிலைமையை அந்தப் படம் இனிமையாக்கித் தருகிறது. எங்கள் ஊரில் அதே நிலைமைக்குப் பயம் என்று பெயர்.

நேரத்தைப் பற்றிய சண்டை இந்தக் கரைக்குப் புதுசு இல்லை. விசைப்படகுகள் காலை ஐந்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும் என்ற விதி, அதை மீறித் தங்குகடல் போகிறவர்கள், அதைத் தட்டிக் கேட்கும் நாட்டுப்படகுக்காரர்கள் என்று துறைமுகத்தில் எப்போதும் ஒரு தகராறு இருக்கும். வண்ணநிலவன் 'கடல்புரத்தில்' எழுதியபோது மணப்பாட்டின் வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடந்த சண்டையை ஒதுக்கிவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியவில்லை. அவர் எழுதிய பிலோமியின் காதலைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். அந்தக் காதலைச் சுற்றி ஊரே கடலுக்கு யார் எப்படிப் போவது என்று அடித்துக்கொண்டது மறந்துபோகிறது. உப்பளத்தை எழுதிய ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிக'ளுக்காக இங்கே வந்து பார்த்து, கேட்டு எழுதினார். அவர் 2020-இல் வந்திருந்தால் முதலில் என் மாமாவிடம்தான் பேசியிருப்பார் என்று ஒரு நினைப்பு எனக்கு.

பேசியிருந்தால் அந்த மே மாதத்தின் மீன் தகராறு கிடைத்திருக்கும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 2001 முதல் 45 நாள் தடைக்காலம், 2017 முதல் 61 நாள்: ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. 2020-இல் மார்ச் கடைசியிலேயே ஊரடங்கு. ஏப்ரல் 10 அன்று மத்திய அரசு மீன்பிடிக்கு விலக்கு கொடுத்தது. அஞ்சாம் நாள் தடைக்காலம் வந்துவிட்டது. பிறகு மே கடைசியில், ஊரடங்கில் இழந்த நாட்களுக்கு ஈடாக, தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்து மே 31-உடன் முடித்தார்கள். மாமா கடைக்கு முன்னால், ஆளுக்கொரு பார்சல் கப்போடு எட்டடி தள்ளித் தள்ளி நின்று சண்டை.

"மீனுக்குத்தான் ரெண்டு மாசம் லீவு கெடச்சாச்சே, இன்னும் எதுக்குவே தடை?"

"முட்டையிடுற மீனு கேலண்டர் பாக்குமா? பதினாலு நாள் கொறச்சா அடுத்த வருசம் எதைப் புடிப்பீரு?"

"அடுத்த வருசம் நாம இருந்தா பாப்பம்."

இந்தக் கடைசி வரியை நான் எந்தக் கதையிலும் வாசிக்கவில்லை. மூன்று பேரும் சொன்னது சரி என்பதுதான் அங்கே சிக்கல். மீன்களிடமிருந்து பதினாலு நாளை எடுத்து மீனவர்களுக்குக் கொடுத்தார்கள். யாரிடமிருந்தாவது எடுக்காமல் தளர்வு என்று ஒன்றைக் கொடுக்கவே முடியாது.

முத்துக்குளிப்புக் காலத்திலும் இதே கேள்விதான். பாரில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, திறந்து, முத்தை மதிப்பிட்டு, பிறகுதான் அரசாங்கம் இந்த வருஷம் குளிப்பு உண்டா இல்லையா என்று அறிவிக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் முத்து முற்றியிருக்காது. காத்திருந்தால் அடுத்த வருஷம் பாரில் சிப்பியே இருக்காது, அப்படி ஏமாந்த வருஷங்கள் நிறைய. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. குளிக்கிறவனின் கயிற்றை மேலே தோணியில் அவன் மச்சான்தான் பிடித்திருப்பான், தங்கச்சி தாலிக்காகவாவது ஒழுங்காக இழுப்பான் என்று ஒரு கதை சொல்வார்கள். தூத்துக்குடியைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இதை எழுதிவிட்டார்கள், நான் விடுவானேன். எனக்குப் பிடித்தது மச்சான் இல்லை. எப்போது இழுக்க வேண்டும் என்பதைத் தண்ணீருக்குள் இருக்கிறவன் கயிற்றை ஆட்டிச் சொல்வான். மேலே இருக்கிறவன் மணி பார்க்க மாட்டான்.

இதை இவ்வளவு அழகாகச் சொல்லி முடித்தால் என் சித்தி செருப்பைக் கழற்றுவாள். அவள் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். மாமாவின் தங்கை. "அண்ணே, மூச்சு முட்டுறது ஒங்களுக்கு மட்டும் இல்ல. எங்க வார்டுல வந்து பாருங்க" என்பாள். "மாசச் சம்பளம் வாங்குறவ நட்டத்தப் பத்திப் பேசப்பிடாது" என்பார் அவர். 2021 ஜனவரியிலேயே சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள், இன்னும் கொஞ்சம் பொறுக்கணும் என்று. யார் கேட்டது? ஏப்ரல் 6 தேர்தல், தெருவெல்லாம் கூட்டம். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. மறுநாள் அறிவிப்பு வந்தது: 24-ஆம் தேதி முதல் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு, அதற்கு முன் 22, 23 இரண்டு நாளும் இரவு ஒன்பது வரை எல்லாக் கடைகளையும் திறக்கலாம். ஜவுளிக்கடை வரைக்கும் ஜனம் அலைமோதியது. மாமா அந்த இரண்டு நாளும் திறக்கவில்லை. வழக்கமாக வருகிற இரண்டு பேர் அந்த வாரம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் ஷட்டரை இறக்கி வைக்க அவர் தானாக எடுத்த இரண்டாவது முடிவு அது. சித்தி ஒன்றும் சொல்லவில்லை, சாயங்காலம் ரசம் கொடுத்தனுப்பினாள்.

அந்த மே 22, எங்கள் ஊருக்கு இன்னொரு நாளும்கூட. 2018-இல் ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் பலி. ஆலையை அரசு மூடியது, 2020 ஆகஸ்டில் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்தபோது, திறங்கள், ஆக்சிஜன் தருகிறோம் என்றது நிறுவனம். ஏப்ரல் 23 அன்று ஆட்சியர் அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் கூச்சலில் முடிந்தது. 26-இல் அனைத்துக் கட்சிக் கூட்டம் ஒப்புக்கொண்டது, 27-இல் உச்ச நீதிமன்றம் ஆக்சிஜனுக்கு மட்டும் என்று அனுமதித்தது. ஜூலை 31-உடன் அதுவும் முடிந்தது. திறக்கக் கூடாது என்று சொன்னவர்களை, ஜனம் மூச்சுத் திணறிச் சாகும்போது இப்படிச் சொல்கிறார்களே என்று டிவியில் கேட்டார்கள். சித்தியின் வார்டில் ஆக்சிஜன் வேண்டும். அவள் தெருவிலேயே அந்த ஆலையை எதிர்த்துப் போனவர்கள் உண்டு. அன்றைக்கு அவள் யார் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கணும். ஒரு எழுத்தாளன் கேட்டிருப்பான்.

2020-இல் நாமெல்லாரும் காம்யூவின் 'பிளேக்'கை வாசித்தோம், இல்லாவிட்டால் வாசித்ததாகச் சொன்னோம். அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது தனிமையை. ஓரான் நகரத்தில் நோய் வடிந்த பிறகும் இன்னும் இரண்டு வாரம் வாயில்கள் மூடியிருக்கும் என்று அரசு அறிவிக்கிறதே, நோயால் பிழைத்துக்கொண்டிருந்த கொத்தார் அந்தத் திறப்பை நினைத்துப் பயந்து கடைசியில் துப்பாக்கியைத் தூக்குகிறானே, அதை எங்கேயும் பேசிக் கேட்கவில்லை. டீஃபோ இன்னும் வெளிப்படை. 1665 லண்டன் பிளேக்கைப் பற்றி 1722-இல் எழுதிய நூலில், நோய் கண்ட வீடுகளைப் பூட்டுவது சரியா என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார், தன் கருத்தைத் தானே மறுக்கிறார். சாவுக் கணக்கு குறைந்தது என்று கேள்விப்பட்டதுமே ஜனம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்ததைத் திட்டுகிறார். வாராவாரம் சாவு எண்ணிக்கையைப் பட்டியல் போடுகிறார். நாவலா செய்தியா என்று இன்றைக்கும் சந்தேகம் வருகிற மாதிரி எழுதியிருக்கிறார். நம் ஆட்களுக்கு அந்தச் சந்தேகம் வந்துவிடுமோ என்றுதான் பயம் போல. அரசாணை, மணி, பட்டியல், கடை வாடகை எல்லாம் இலக்கியத்துக்கு வெளியே கிடக்கிற சாமான்கள் என்று நினைத்துவிட்டோம். அதனால் ஒரு அப்பாவையும் மகனையும் கொன்ற சண்டை கட்டுரைக்கும் போஸ்டருக்கும் போனது. கதைக்குள் குயில் வந்தது.

போன மாதம் மாமா கடைக்குப் போயிருந்தேன். அந்த 34 கடைகளின் பட்டியல் இன்னும் சுவரில் இருக்கிறது. ஆவி பட்டுப் பட்டு எழுத்து பாதி அழிந்துவிட்டது, சிவப்புக் கோடு மட்டும் தெரிகிறது. "இதை எடுத்துரலாமே மாமா" என்றேன்.

"கெடக்கட்டும்" என்றார். "எவனாச்சும் வந்து கேப்பான்."